கருப்பை இறக்கம்: ஓர் அறிவியல் நோக்கு

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது தேனீக்களின் நடனம் பற்றி எழுதுவதாகத்தான் பெயர் கொடுத்திருந்தேன். பொருளை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் என் தாயார். "இதெல்லாம் மலரில் எழுதக்கூடிய செய்தியா?" என்று தோழியர் சிலர் கேட்டனர். இதயத்தைப் பற்றி எழுதலாம், சிறுநீரகத்தைப் பற்றி எழுதலாம், கருப்பையைப் பற்றி மட்டும் எழுதலாகாது என்று விலங்கியலில் எவ்விதியும் இல்லை என எங்கள் பேராசிரியை கூறிவிட்டார். அத்துணிவில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஒரகடத்திற்கும் வல்லக்கோட்டைக்கும் இடையில் உள்ளது. அம்மா நாற்று நட்டு வளர்ந்தவர். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்திலும் கார் ஆலை திறக்கப்பட்டது. வயல்கள் மனைகளாயின. அம்மா இப்போது ஆலைப் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றில் சமையல் வேலை பார்க்கிறார். சாம்பார் அண்டாவை இருவர் தூக்க வேண்டும். இரண்டாமவர் வராத நாளில் ஒருவரே தூக்குவதும் உண்டு. சென்ற ஆண்டு ஒரு மாலை, உட்கார முடியாமல் அவர் சுவரில் சாய்ந்து நிற்பதைக் கண்டு என்னவென்று கேட்டேன்.

"அடி எறங்கிப் போச்சு கண்ணு. உன் தம்பி பொறந்ததுலேருந்தே இருக்கு. இத போயி யார்கிட்ட சொல்றது?" என்றார்.

தம்பிக்கு வயது 16.

அடி இறங்குதல் என்று நம் பெண்கள் கூறுவதை மருத்துவர்கள் கருப்பை இறக்கம் என்பர். உண்மையில் இறங்குவது கருப்பை மட்டுமன்று. யோனியின் முன்சுவர் தளர்ந்தால் சிறுநீர்ப்பை புடைத்து இறங்கும். இதுவே மிகுதியாகக் காணப்படுவது. பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் முன்னே தள்ளும். நடுவில் இறங்குவது கருப்பை.

இவ்வுறுப்புகளை இடத்தில் நிறுத்துவது எது? பாட்டி வீட்டு உறியை நினைத்துக்கொள்ளுங்கள். பானையை மேலிருந்து கயிறுகள் பிடித்திருக்கின்றன. அதன் கீழே ஒரு கயிற்றுக் கட்டிலும் போட்டிருப்பதாகக் கொள்வோம். கயிறுகள்தாம் இணைப்பு நார்கள். கட்டில்தான் இடுப்புத்தளத் தசை. முன்புற இடுப்பெலும்பிலிருந்து பின்புற வாலெலும்பு வரை இத்தசை விரிந்து கிடக்கிறது. கட்டில் உறுதியாக இருக்கும்வரை கயிறுகளுக்குச் சுமை குறைவு. கட்டில் தொய்ந்தால் முழுச் சுமையும் கயிற்றில் விழும். கயிறு நாளடைவில் நீளும்.

கட்டிலைத் தொய்யச் செய்வதில் முதலிடம் பிரசவத்திற்கே. குழந்தை வெளிவரும்போது இத்தசை தன் இயல்பு நீளத்தைப் போல் பல மடங்கு இழுபடுகிறது. சிலருக்கு எலும்பிலிருந்தே பிய்ந்துவிடுகிறது. ஆயுதம் போட்டு எடுக்கும் பிரசவத்தில் இந்த ஆபத்து அதிகம். பல பிரசவங்கள், மாதவிடாய் நின்றபின் குறையும் ஈஸ்ட்ரோஜன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல், உடற்பருமன், ஓயாமல் பளு தூக்குதல் ஆகியன மற்றவை. அம்மா தம்பியைப் பெற்ற இருபதாம் நாள் களையெடுக்கப் போனதாகச் சொல்கிறார். அதனால்தான் வந்தது என்று அறுதியிட்டுக் கூற என்னால் இயலாது. உதவியிருக்காது என்று மட்டும் கூறலாம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. எங்கள் பகுதி முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தது. அம்மாவட்டத்தில் 1981இல் தொடங்கப்பட்ட ரூவ்செக் என்னும் கிராமப்புறப் பெண்கள் அமைப்பு, கருப்பை இறங்கிய பெண்களிடமே நேரில் பேசி அவர்கள் பட்ட பாட்டைப் பதிவு செய்தது. அமைப்பை நிறுவியவர்களில் ஒருவரான டி. கே. சுந்தரி ரவீந்திரனும் உடன் பணியாற்றியவர்களும் எழுதிய அவ்வாய்வு 1999இல் வெளிவந்தது. பல ஆண்டுகள் மருத்துவம் இன்றிக் காலம் தள்ளியதும், ஓய்வெடுத்தால் வீட்டையும் கூலியையும் யார் பார்ப்பது என்ற கவலையும் அதில் உள்ளன. படித்தபோது அம்மாவின் குரலே கேட்டது. அண்டை நாடான நேபாளத்திலோ, 2008இல் உச்ச நீதிமன்றமே இதனைப் பெண்களின் உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்பளித்தது.

இனி மருத்துவத்திற்கு வருவோம். மருத்துவர்கள் இறக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பர். முதல் நிலையில் பலருக்குத் தொல்லையே தெரியாது. இரண்டாம் நிலையில் யோனி வாயிலை ஒட்டி வந்து நிற்கும். மூன்றில் வெளியே தெரியும். நான்கில் முழுவதும் வெளிவந்துவிடும். மாலையில் கனமாக இருப்பதும் படுத்தால் குறைவதும் இந்நோயின் அடையாளம். வெளிவந்த பகுதி புண்ணானாலோ, இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் பிரியாவிட்டாலோ ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

அம்மாவை முதலில் அழைத்துச் சென்ற தனியார் மருத்துவமனையில், ஐந்து நிமிடத்தில் "கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்றார்கள். இங்கேதான் உறியை மறுபடி நினைக்க வேண்டும். பானையை எடுத்துவிட்டால் அறுந்த கயிறு சேர்ந்துவிடுமா? கருப்பையை எடுத்தபின் யோனியின் மேற்பகுதியே இறங்கி வருவதும் உண்டு. அறுவை செய்வதானால் தாங்கும் நார்களைச் சீர்செய்வதே தலையாய வேலை. கருப்பையை எடுக்காமலே அதைத் தூக்கிக் கட்டும் முறைகளை வகுத்தவர்களுள் பம்பாய் மருத்துவர் சிரோத்கர் குறிப்பிடத்தக்கவர். யோனி வழியாக வலை பொருத்தும் முறையால் பலருக்குக் கேடு விளைந்ததால், அவ்வலைகளின் விற்பனையை 2019இல் அமெரிக்க அரசு நிறுத்தச் செய்தது.

அறுவைக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று பயிற்சி. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் இதனை விளக்கினார். காற்றையும் சிறுநீரையும் அடக்குவது போல் தசையை உள்ளிழுத்துச் சில நொடிகள் நிறுத்தி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். மூச்சை அடக்கலாகாது. ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை, மாதக்கணக்கில் விடாது செய்தல் வேண்டும். இருமும்போதும் எடை தூக்கும்போதும் முன்னதாகவே தசையை இறுக்கிக்கொள்வது நலம். 447 பெண்களிடம் நடத்தி 2014இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, முறையாகக் கற்றுச் செய்த பெண்களுக்குத் தொல்லை குறைந்ததைக் காட்டியது. முற்றிலும் வெளிவந்ததைப் பயிற்சி உள்ளே ஏற்றிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மற்றொன்று வளையம். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் பாதி மாதுளம்பழத்தை உள்ளே வைத்துத் தாங்கினராம்! இன்று மென்மையான சிலிக்கான் வளையம் உள்ளது. அளவு பார்த்து மருத்துவர் பொருத்துவார்; கழற்றிக் கழுவி மீண்டும் வைக்கவும் கற்றுத்தருவார். சில மாதங்களுக்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்வது கட்டாயம்.

அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவில் அம்மாவுக்கு வளையம் பொருத்தினார்கள். முதல் அளவு நழுவிவிட்டது, இரண்டாவது பொருந்தியது. பயிற்சியை நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். "பரீட்சைக்குப் படிக்கிறத விட்டுட்டு எனக்கு வாத்தியாராயிட்டியா?" என்று கேலி செய்கிறார். அண்டாவை ஒருவரே தூக்குவதில்லை என்று விடுதியில் பேசி முடித்துவிட்டார். நான் சொல்லி அன்று, அவரே. நின்றே வேலை செய்வோர் அவ்வப்போது அமர இருக்கை வேண்டும் என்று கடைகளுக்குத் தமிழக அரசு 2021இல் சட்டத்திருத்தம் கொண்டுவந்தது. அம்மாவின் சமையற்கூடத்தில் இருக்கை என்பது கவிழ்த்த எண்ணெய் டின்தான்.

சென்ற வாரம் அம்மாவுடன் வேலை செய்யும் அக்கா ஒருவர் வீட்டிற்கு வந்தார். வெகுநேரம் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, செருப்பை மாட்டும்போது, "அந்த வளையம் எங்க குடுக்குறாங்க?" என்று கேட்டார். வரும் வியாழக்கிழமை அம்மா அவரை அழைத்துச் செல்கிறார்.