ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்கலாமா?

கேள்வி: அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறேன். "இனி சும்மா இருங்கப்பா" என்கிறான் மகன். புதிதாக ஏதாவது தொடங்கலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: மகன் பாசத்தில் சொல்கிறார்; காதில் வாங்கிக்கொள்ளுங்கள், போதும். இடைசெவலில் விவசாயம் பார்த்த எழுத்தாளர் கி.ராஜநாராயணன் பள்ளிப் படிப்பையே முடிக்காதவர். அறுபதைத் தாண்டிய அவரைப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. போனார், நாட்டார் கதைகளைத் தேடித் தேடித் திரட்டினார். 1991-ல் சாகித்திய அகாதமி விருதும் வந்தது.

ஓய்வு நாள்வரை காத்திருக்காமல் இப்போதே ஞாயிற்றுக்கிழமைகளில் தொடங்குங்கள். விட்டுப்போன படிப்பென்றால் இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது வரம்பு கிடையாது. பி.எஃப். பணத்தைக் கொட்டித் தொழில் தொடங்குவது மட்டும் வேண்டாம். குடியிருப்புச் சங்கச் செயலாளர் பதவியும் வீடு தேடி வரும். அதற்கு, 'யோசித்துச் சொல்கிறேன்' என்று நழுவிவிடுங்கள்.