அணு உலை விபத்தும் கழுத்துப் புற்றுநோயும்: எமது கரையோர மக்கள் அறிய வேண்டியவை

கூடங்குளத்தில் விபத்து நேர்ந்தால் எமது பிள்ளைகளுக்குக் கழுத்தில் புற்றுநோய் வருமா என்ற கேள்வி, கிராமங்களில் நாம் நடத்தும் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் பெரும்பாலும் தாய்மார். இதற்குச் சிலர், "நடுவில் கடல் கிடக்கிறது, பயமில்லை" என்று பதில் சொல்கிறார்கள். வேறு சிலர், "எல்லாம் அழிந்துவிடும், எவராலும் ஒன்றும் செய்ய இயலாது" என்கிறார்கள். இரண்டு பதிலையும் கேட்டவர்கள் பேசாமல் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே இவ்விடயத்தைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

கூடங்குளம் தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டக் கரையில் உள்ளது. மன்னார்த் தீவிலிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 250 கிலோமீற்றர் தூரம். ரஷ்யாவின் உதவியுடன் கட்டப்பட்ட இரு உலைகளில் முதலாவது 2013இலும், இரண்டாவது 2016இலும் இயங்கத் தொடங்கின. மேலும் உலைகள் கட்டப்படுகின்றன. 2011இலிருந்து அயலிலுள்ள இடிந்தகரை மக்கள், எம்மைப் போன்ற மீனவக் கத்தோலிக்கர்கள், லூர்து மாதா ஆலய வளவில் இருந்து நெடுங்காலம் போராடினார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். அதே வேளை உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கூடங்குள உலை செர்னோபில் உலையின் வகையைச் சேர்ந்ததன்று. செர்னோபிலில் இல்லாத கனத்த கொங்கிறீற் மூடி இதற்கு உண்டு. அங்கிருந்து கதிரியக்கம் கடல் கடந்து எம்மிடம் வந்தது என்று சொல்வதற்கு இதுவரை எதுவும் நடக்கவில்லை.

இனி, கழுத்துக்கும் அணு உலைக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்போம். கழுத்தின் முன்புறத்தில், தொண்டைக் குழிக்குச் சற்று மேலே, வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அதுவே தைரொயிட் சுரப்பி. உடல் வளர்ச்சிக்கும் மூளை வளர்ச்சிக்கும் வேண்டிய சுரப்பு நீரை அது உண்டாக்குகிறது. அதற்கு அயடீன் தேவை. நாம் உண்ணும் மீனிலும் உப்பிலும் உள்ள அயடீனை இரத்தத்திலிருந்து இழுத்துத் தன்னிடம் சேர்த்து வைப்பது அதன் தொழில். அணு உலை உடைந்தால் வெளிவரும் நச்சுகளில் ஒன்று கதிரியக்க அயடீன். நல்ல அயடீன் எது, கதிரியக்க அயடீன் எது என்று சுரப்பிக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோல் இழுத்துக்கொள்ளும். சேர்ந்த நச்சு உள்ளிருந்தபடியே அந்தச் சிறு உறுப்பைச் சுட்டுக்கொண்டிருக்கும். குழந்தையின் சுரப்பி மிகச் சிறியது. குழந்தை பாலும் அதிகம் குடிக்கும். அதனால் ஒரே அளவு நச்சு வளர்ந்தவர்களைவிடக் குழந்தைக்குப் பல மடங்கு தீங்கு செய்கிறது.

பால் இங்கே ஏன் வருகிறது என்று நீங்கள் கேட்கக்கூடும். முக்கியமான இடமே அதுதான்.

1986 ஏப்ரல் 26ஆம் திகதி அதிகாலையில், அன்று சோவியத் நாட்டின் பகுதியாயிருந்த உக்ரேனில், செர்னோபில் உலை வெடித்தது. காற்றோடு போன நச்சு, புல்லில் படிந்தது. புல்லைப் பசு மேய்ந்தது. பசுவின் பாலைப் பிள்ளைகள் குடித்தார்கள். அயல் நாடான பெலாரூசிலும் இதுவே நடந்தது. விபத்து நடந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் தள்ளியிருந்த ஊர்களிலும், அந்நாட்களில் மழை பெய்த இடங்களில், நச்சு திட்டுத்திட்டாக இறங்கியது. கடல் நடுவே கிடக்கிறது என்று ஆறுதல் சொல்பவர்கள் இந்தத் தூரத்தைக் கவனிக்க வேண்டும். அங்கிருந்த கமக்காரர் வழமைபோல் காலையில் பால் கறந்தார்கள், பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். எவரும் அவர்களுக்கு எதுவும் சொல்லவில்லை. உலைக்கு அண்மையிலிருந்த பிறிப்பியாற் நகரத்து மக்களை மறுநாள் பிற்பகல்தான் பேருந்துகளில் ஏற்றினார்கள். மூன்று நாட்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த மக்கள் திரும்பி வரவேயில்லை. இப்படிச் சொல்லி அனுப்பப்படுவது எப்படியிருக்கும் என்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. ஏப்ரல் 28இல் சுவீடன் நாட்டின் அணு நிலையமொன்றில் தொழிலாளர் காலணிகளில் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னரே மொஸ்கோ வாய் திறந்தது. மே தினத்தன்று கீவ் நகரில் பிள்ளைகளும் ஊர்வலம் போனார்கள்.

நான்கைந்து ஆண்டுகளின் பின் அப்பிள்ளைகளின் கழுத்துகளில் கட்டிகள் தோன்றத் தொடங்கின. 2005ஆம் ஆண்டளவில், விபத்தின்போது பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களாயிருந்தோரில் 6,000க்கும் மேற்பட்டவர்களுக்குத் தைரொயிட் புற்றுநோய் காணப்பட்டது. அவர்களில் இறந்தவர்கள் 15 பேர். மற்றவர்கள் சத்திரசிகிச்சையாலும் வாழ்நாள் முழுவதும் குளிசை எடுப்பதாலும் பிழைத்திருக்கிறார்கள். இவ்வளவு நோய்க்கும் பெரும் பங்கு காரணம் முதற் சில வாரங்களில் குடித்த பால் என்பதே ஆய்வாளர் கண்ட முடிவு. அப்பகுதி மக்களின் உணவில் ஏற்கெனவே அயடீன் குறைவாயிருந்தது. பசித்திருந்த சுரப்பி நச்சைக் கூடுதலாக இழுத்துக்கொண்டது.

அதே நாட்களில் அயல் நாடான போலந்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கும் மொஸ்கோவிலிருந்து தகவல் வரவில்லை. ஆனால் அவர்களுடைய அளவை நிலையமொன்று 28ஆம் திகதி காலையில் காற்றில் மாற்றத்தைக் கண்டுகொண்டது. மறுநாளிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு அயடீன் மருந்து கொடுத்தார்கள். பசுக்களுக்குப் பச்சைப்புல் கொடுப்பதைத் தடுத்தார்கள். சிறு குழந்தைகளுக்குப் பால்மா கொடுத்தார்கள். 2011 மார்ச்சில் யப்பானின் புக்குஷிமாவில் விபத்து நடந்தபோதும் சில நாட்களுக்குள் பாலும் கீரையும் சோதிக்கப்பட்டு விற்பனை நிறுத்தப்பட்டது. அங்கு பின்னர் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு நுட்பமான ஸ்கேன் எடுத்ததில் பலருக்குத் தைரொயிட் புற்றுநோய் இருப்பது தெரிய வந்தது. இது நுட்பமாகத் தேடியதால் வெளிப்பட்டதே என்பது ஐக்கிய நாடுகளின் விஞ்ஞானக் குழுவின் முடிவு. எல்லா ஆய்வாளரும் அதை ஏற்கவில்லை.

கதிரியக்க அயடீனின் வலு எட்டு நாளுக்கொருமுறை பாதியாகக் குறைகிறது. எண்பது நாளில் அது ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். கமம் செய்யும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கில் பெரிய நன்மை இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் மாட்டைப் பட்டியில் கட்டி, மூடி வைத்த பழைய வைக்கோலைப் போடலாம். கிணற்றைத் தகரத்தாலோ படங்கினாலோ மூடலாம். மழைத்தண்ணீர் பிடிப்பதை நிறுத்தலாம். கறந்த பாலைப் பிள்ளைக்குக் கொடுக்காமல், விபத்துக்கு முன் வாங்கிய பால்மாவைக் கொடுக்கலாம். தாய்ப்பால் கொடுக்கும் தாயும் புதிதாய்க் கறந்த பாலையும் பறித்த கீரையையும் தவிர்க்க வேண்டும். தகரக் கொட்டிலும் ஓலைக் குடிசையும் கதிர்வீச்சை அதிகம் தடுக்கமாட்டா. முதல் நாட்களில் பாடசாலை, ஆலயம் போன்ற கற்கட்டடங்களுக்குள் கதவு யன்னல்களை மூடிக்கொண்டு இருப்பது நல்லது. மீள்குடியேறிய கிராமங்களில் இன்னும் தற்காலிகக் கொட்டில்களில் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். சீசியம் என்ற வேறொரு நச்சும் உண்டு. அதன் வலு பாதியாவதற்கே 30 ஆண்டுகள் செல்லும். அது விழுந்த காணியின் கதை வேறு. அதை இன்னொரு இதழில் எழுதுவோம்.

காற்றையும் மறக்கக்கூடாது. சோளகம் வீசும் மாதங்களில் காற்று அந்தப் பக்கத்திலிருந்து எம்மை நோக்கி வருகிறது. வாடைக் காலத்தில் அது மறுபக்கம் போகும். எமது மீனவருக்கு இது நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அயடீன் குளிசையைப் பற்றித் தவறான எண்ணங்கள் பல உலவுகின்றன. நச்சு வருவதற்குச் சற்று முன்னரோ, வந்து சில மணித்தியாலங்களுக்குள்ளோ எடுத்தால் அக்குளிசை சுரப்பியை நல்ல அயடீனால் நிரப்பிவிடும். நச்சுக்கு அங்கே இடமிருக்காது. ஒருநாள் கழிந்த பின் எடுத்துப் பயனில்லை. பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்குமே அது முதலில் வேண்டியது. நாற்பது கடந்தவர்களுக்கு அதனால் நன்மை குறைவு. சீசியத்துக்கு அது மருந்தாகாது. வைத்திய அதிகாரிகள் சொல்லாமல் அதை எடுக்கவும் கூடாது. புக்குஷிமா விபத்தின்போது சீனாவில் மக்கள் உப்புக் கடைகளை மொய்த்தார்கள். பிலிப்பைன்சில் கழுத்தில் பெற்றடீன் பூசச் சொல்லிக் கைத்தொலைபேசிகளில் வதந்தி பரவியது. பெற்றடீனைப் பூசியோ குடித்தோ பயனில்லை, குடித்தால் ஆபத்து. அயடீன் சேர்த்த உப்பைக் கொண்டு ஒரு குளிசையின் அளவை எட்ட வேண்டுமானால் ஏறக்குறைய ஐந்து கிலோ உப்பைத் தின்ன வேண்டும்! ஆனால் அந்த உப்பை அன்றாடம் கறிக்குப் போட்டுவந்தால் சுரப்பி பசித்திராது. அதனால் அயடீன் உப்பையே வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கழுத்தில் வீக்கம் கண்டவுடன் கூடங்குளத்தைக் காரணம் காட்டுவோர் எம்மிடையே இருக்கிறார்கள். இலங்கைப் பெண்களிடையே கூடுதலாகக் காணப்படும் புற்றுநோய்களில் தைரொயிட் புற்றுநோயும் ஒன்று. கூடங்குளம் இயங்குவதற்கு முன்பே அது அப்படித்தான் இருந்தது. கழுத்துக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயுமல்ல. எனினும் கட்டி வளர்ந்துகொண்டு போனால், கல்லுப்போல் இருந்தால், குரல் அடைத்துப் பல வாரம் மாறாவிட்டால், விழுங்கக் கடினமாயிருந்தால், மறைக்காமல் மன்னார் வைத்தியசாலைக்குப் போங்கள். கலியாணம் பேசும் பிள்ளை என்பதற்காகக் கட்டியைச் சேலைத் தலைப்பால் மூடி வைப்பது மிகத் தவறு. நேரத்தோடு பார்த்தால் நன்கு குணமாகும் புற்றுநோய்களில் இதுவும் ஒன்று. தெல்லிப்பழையிலும் மகரகமவிலும் புற்றுநோய்க்கான வைத்தியசாலைகள் இருக்கின்றன.

மாடு கட்டுவதும் கிணறு மூடுவதும் எம் கையில் உள்ளவை. எச்சரிக்கை எம் கையில் இல்லை. செர்னோபிலுக்குப் பின், அணு விபத்தை உடனே அறிவிக்கும் சர்வதேச உடன்படிக்கை 1986இலேயே உருவாயிற்று. இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்துள்ளன. 2015இல் இரு நாடுகளும் அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையொன்றிலும் கைச்சாத்திட்டன. ஆக, டில்லியிலிருந்து கொழும்புக்குச் செய்தி வரக் கடமை உண்டு. கொழும்பிலிருந்து பேசாலைக்கும், முசலிக்கும், மடுவுக்கும் அது எத்தனை மணித்தியாலத்தில், யார் மூலம், தமிழில் வந்து சேரும்? அயடீன் குளிசை எங்கே சேமித்து வைக்கப்பட்டுள்ளது? பட்டிக்காரருக்கு யார் அறிவிப்பார்? இக்கேள்விகளை உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் சங்கமும் எழுத்தில் வைத்து, மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் சுகாதார வைத்திய அதிகாரிக்கும் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதியுடன் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்கும் பதிலை எமக்கு அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுவோம்.