புட் அப் வித்: மாணவனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பி,

'புட்' என்றால் வை, 'அப்' என்றால் மேலே, 'வித்' என்றால் உடன். மூன்றையும் கூட்டினால் 'பொறுத்துக்கொள்' எங்கிருந்து வந்தது என்று வகுப்பு முடிந்ததும் கேட்டாய். மணி அடித்துவிட்டதால் இரண்டு வார்த்தையில் சொல்லி அனுப்பினேன். அது போதாது.

தமிழ் பேசுகிறவனுக்கு இது புதிராகத் தோன்றக் கூடாது. மருந்தைக் கண்டுபிடித்தவர் எதைப் பிடித்தார்? வழக்கில் ஒருவர் விட்டுக்கொடுத்தால் கையிலிருந்து என்ன கொடுத்தார்? 'பொறுத்துக்கொள்' என்பதையே எடுத்துக்கொள், அதில் 'கொள்' எதைக் கொள்கிறது? சேர்ந்தபின் பிறக்கும் பொருளை உறுப்புகளில் தேட முடியாது. நம் மொழியில் வினையோடு வினை சேர்வதை ஆங்கிலம் சிறு சொற்களை ஒட்டிச் செய்கிறது. சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வெளிநாட்டார் மிகவும் திணறும் இடம் இதுதான் என்று எழுதிவிட்டார்.

இனி பயன்பாடு. 'ஷி புட் அஸ் அப்' என்றால் இரவு தங்க எங்களுக்கு இடம் கொடுத்தாள். 'ஷி புட் அப் வித் அஸ்' என்றால் எங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தாள். முதலாவது நன்றி சொல்லும் வாக்கியம். இரண்டாவதைத் தவறுதலாக எழுதினால் விருந்து வைத்தவள் முகம் சுளிப்பாள். 'வித்' என்ற ஒரு சொல்லும் 'அஸ்' நிற்கும் இடமும் இவ்வளவு செய்கின்றன. 'புட் ஆஃப்', அதாவது தள்ளிப்போடு, என்பதில் 'புட் இட் ஆஃப்' என்று நடுவே செயப்படுபொருளை நுழைக்கலாம். 'புட் அப் வித்'தில் நுழைக்கவே கூடாது. சத்தமோ மாமனாரோ, எதுவானாலும் 'வித்'துக்குப் பிறகுதான். பேசும்போது அழுத்தம் 'அப்' மேல் விழ வேண்டும்.

எல்லாப் பொறுமைக்கும் இது பொருந்தாது. பேருந்தில் ஒருவர் ஒருமுறை காலை மிதித்தால் இது வராது. தினமும் அதே நெரிசலில் போக வேண்டியிருந்தால் வரும். தொடர்ந்து வரும் தொல்லை, அதைப் பிடிக்காமலே ஏற்றுக்கொண்டு காலம் தள்ளும் மனம், இரண்டும் வேண்டும். பக்கத்து வீட்டு ஒலிபெருக்கி, மேலாளரின் கோபம், தாமதமாக வரும் ரயில் இவையெல்லாம் இதன் சொந்தப் பிரதேசம். பெரும் துயரத்தைத் தாங்கியவரைப் பற்றி எழுதும்போது 'பேர்' என்ற வினைதான் பொருத்தம். அங்கே இது சிறுத்துவிடும்.

எனக்கு எரிச்சல் தருவது வழிகாட்டி நூல்கள். 'பேச்சு வழக்கு, எழுத்தில் தவிர்க்கவும்' என்று அச்சடித்து, எல்லா இடத்திலும் 'டாலரேட்' போடச் சொல்கிறார்கள். நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் 'டாலரேட்' அலுவலகச் சுற்றறிக்கை போல ஒலிக்கும். இன்னொரு மூடநம்பிக்கை, வாக்கியத்தை முன்னிடைச்சொல்லில் முடிக்கக் கூடாது என்பது. கவிஞர் டிரைடன் 1672இல் நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் இதைக் குற்றமாகக் கண்டார். 1668இல் தாம் வெளியிட்ட நாடகக் கட்டுரையை 1684இல் மறுபதிப்பு செய்தபோது தம் வாக்கியங்களையே உடைத்துத் திருத்தினார். அவ்வளவு நல்ல உரைநடைக்காரர் இந்த வீண் வேலைக்கு இறங்கியது இன்றும் எனக்கு வருத்தம். அந்த விதியைக் கேலி செய்ய 'அப்', 'வித்' இரண்டையும் முன்னால் இழுத்து, 'புட்'டைக் கடைசியில் தொங்கவிட்ட ஒரு வாக்கியம் சர்ச்சில் பெயரில் உலவுகிறது. அவர் சொன்னதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் மூன்று சொற்களையும் பிரித்தால் வாக்கியம் எப்படி நொண்டும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டும் இல்லை.

உன் வீட்டிலும் தெருவிலும் நீ தினமும் சகித்துக்கொள்கிறவற்றை வைத்து நீயே சில வாக்கியங்கள் எழுதி எடுத்து வா. வழிகாட்டி நூலைத் திறக்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்