வயர்லெஸ் கேமராவுக்கும் ஒரு வயர் வேணும்: வாங்குறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

பொங்கல், தீபாவளின்னா நாலு நாள் வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குக் கிளம்புறோம். அந்த நாலு நாளுக்காகவே வைஃபை கேமரா வாங்குறவங்க நிறைய பேர். ஆஃபர்ல கேமரா விலை மட்டும்தான் கண்ணுல படும். எங்க மாட்டுறோம், கரன்ட் எங்கிருந்து எடுக்குறோம்ங்கிறதுலதான் மீதிச் செலவு ஒளிஞ்சிருக்கு.

"வயர்லெஸ்"னா வீடியோ வைஃபையில போகுதுன்னு மட்டும்தான் அர்த்தம். பேட்டரி மாடல் தவிர மற்ற எல்லாத்துக்கும் 24 மணி நேரமும் கரன்ட் வேணும். பில் பயப்பட வேண்டிய அளவுக்கு இல்லை. 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர்னா அதிகபட்சம் 5 வாட். ரெண்டு மாசத்துக்கு சுமார் 7 யூனிட். யூனிட் 6 ரூபாய்னு வெச்சாலும் 45 ரூபாயைத் தாண்டாது.

செலவு வர்ற இடம் கேபிள். கேமராவோட வர்ற கேபிள் வாசல் வரைக்கும் எட்டலைன்னு, 10 மீட்டர் மெல்லிய யுஎஸ்பி கேபிள் வாங்கி இழுப்பாங்க. 5 வோல்ட் அவ்வளவு தூரம் தாங்காது. கேமராவுக்குப் போய்ச் சேரும்போது 4 வோல்ட்டுக்கும் கீழே இறங்கிடலாம். பகல்ல ஓடும். ராத்திரி ஐஆர் லைட் எரிய ஆரம்பிச்சதும் கூடுதல் கரன்ட் இழுக்கும், கேமரா ரீஸ்டார்ட் ஆகிட்டே இருக்கும். "கேமரா மட்டம்"னு ரிட்டர்ன் போடுறதுல இந்த கேஸும் உண்டு. எலக்ட்ரீஷியனை வெச்சு கேமரா பக்கத்துலயே ஒரு பிளக் பாயின்ட் எடுக்குறதுதான் சரியான வழி. அந்தக் கூலியையும் கேமரா விலையோட சேர்த்துக்கோங்க.

வாடகை வீடா? டிரில் போட ஓனர்கிட்ட முன்னாடியே கேட்டுடுங்க. காலி பண்ணும்போது சுவர் ஓட்டைன்னு அட்வான்ஸ்ல பிடிச்சா கேமரா காசே போயிடும். ஜன்னல் கம்பியில கிளாம்ப் போட்டு மாட்டலாம். ஆனா கண்ணாடிக்கு உள்பக்கம் வெச்சு வெளியே பார்க்க விடாதீங்க, ராத்திரி ஐஆர் வெளிச்சம் கண்ணாடியில பட்டுத் திரும்பி படம் வெள்ளையா இருக்கும். பல்பு மாடல் கேமரா வாடகை வீட்டுக்கு வசதிதான். அதுல பெரும்பாலும் மரை டைப்தான் வரும், நம்ம வீட்டு ஹோல்டர் பின் டைப். நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வேணும். இன்னொன்னு, யாராவது பழக்கதோஷத்துல லைட் சுவிட்சை அணைச்சா கேமராவும் அணைஞ்சிடும். அந்த சுவிட்ச் மேல டேப் ஒட்டிடுங்க.

உயரம் 8 அடி போதும். ரொம்ப மேலே போனா தலை மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. எதிர் வீட்டு வாசல் ஃப்ரேமுக்குள்ள வராத மாதிரி திருப்பி வைங்க.

பேட்டரி மாடல் தொடர்ந்து ரெக்கார்ட் பண்ணாது, ஆள் நடமாட்டம் தெரிஞ்சா முழிச்சுக்கிட்டு சின்ன கிளிப் எடுக்கும். அப்பார்ட்மென்ட் காரிடார்ல போறவர் வர்றவருக்கெல்லாம் முழிச்சா சார்ஜ் சீக்கிரம் தீரும். தனி வீட்டுப் பின்பக்கத்துக்கு ஓகே.

கிளவுட் சந்தா மாசம் 150 ரூபாய்னு வெச்சுக்குவோம், 3 வருஷத்துல 5,400 ரூபாய். பல கேமராக்களோட விலையே அதைவிடக் கம்மி. 1 எம்பிபிஎஸ் வீடியோ ஒரு நாளைக்கு சுமார் 11 ஜிபி; 128 ஜிபி கார்டுல 11 நாள் நிக்கும். நாலு நாள் ஊர் போறவங்களுக்கு இதுவே தாராளம். கேமராவையே கழட்டிட்டுப் போனா கார்டும் போயிடும்ங்கிறது உண்மைதான். அதனால கை எட்டாத இடத்துல மாட்டுறதுக்குக் கொஞ்சம் மெனக்கெடலாம்.

கடைசியா, ஊருக்குக் கிளம்பும்போது மெயினை ஆஃப் பண்ற பழக்கம் பல வீட்டுல இருக்கு. மெயின் போனா ரவுட்டரும் போச்சு, கேமராவும் போச்சு. கிச்சன், ஏசி, கீசர் எம்சிபியை மட்டும் இறக்கிட்டு, ரவுட்டரும் கேமராவும் இருக்குற லைனை விட்டுடுங்க. கரன்ட் கட்டுக்கு ரவுட்டர், கேமரா ரெண்டுக்கும் மினி யுபிஎஸ் போட்டா சில மணி நேரம் தாங்கும். கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்த லைனை ஒரு மணி நேரம் அணைச்சு வெச்சுட்டு, வெளியில நின்னு மொபைல் டேட்டாவுல கேமராவைத் திறந்து பாருங்க. படம் வரலைன்னா யுபிஎஸ் மாத்த இன்னும் ஆறு நாள் இருக்கு.