சைக்கிள் டைனமோவில் கேட்ட செய்தி

அன்புத் தங்கச்சிக்கு,

சிம்பாங் அம்பாட்டிலிருந்து நீ அனுப்பிய ஒலிப்பதிவை முழுவதும் கேட்டேன். நல்ல குரல். பழைய ஏஎம் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடும் இந்தக் காலத்தில் அறிவிப்பாளராக வர ஆசைப்படுவதில் பொருள் உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. ஆனால் மூடியவர்களிடமிருந்து நீ எதை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை முதலில் சொல்கிறேன்.

பிபிசி தமிழோசை தன் கடைசிச் சிற்றலை ஒலிபரப்பை 2017 ஏப்ரல் 30ஆம் தேதி முடித்துக்கொண்டது. தொடங்கியது 1941 மே 3. 76 ஆண்டுகள் நிறைய மூன்று நாள்தான் குறை. அதற்குத் தமிழோசை என்று பெயர் வைத்தவர் இலங்கையரான சோ. சிவபாதசுந்தரம். அவருடைய ‘ஒலிபரப்புக் கலை’ எங்கே கிடைத்தாலும் வாங்கிப் படி. தமிழிலும் ஒலிபரப்பிய வெரித்தாஸ் வானொலியும் அடுத்த ஆண்டே சிற்றலையை விட்டது. சிற்றலையும் மத்திய அலையும் இரண்டுமே ஏஎம் முறைதான். கேட்பவர்கள் செல்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் போய்விட்டார்கள். பெரிய ஒலிபரப்பிகளுக்கு மின்கட்டணம் கட்டி மாளவில்லை. உன் ஊர்ப் பக்கத்தில் பத்து காவானில் தோட்டம் இருந்த இடத்தில் இன்று தொழிற்பேட்டையும் அடுக்குமாடியும் நிற்கின்றன. அங்கே ஒரு பழைய டிரான்சிஸ்டரைத் திருகிப் பார். எல்ஈடி விளக்கும் செல்பேசி சார்ஜரும் கிளப்பும் இரைச்சலைத் தாண்டி ஒரு நிலையமும் சரியாகப் பிடிபடாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் காரணங்கள் நியாயமானவை.

போகக் கூடாதது ஒன்று அதோடு சேர்ந்து போகிறது: தெளிவாகப் பேசும் பழக்கம். மத்திய அலையில் நம் வட்டாரத்தில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 9 கிலோஹெர்ட்ஸ்தான். அந்த இடத்துக்குள் அடங்க வேண்டியிருப்பதால் குரலில் ஏறத்தாழ 4,500 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது பெரும்பாலும் வெட்டுப்பட்டுவிடும். எஃப்எம்மில் 15,000 வரை போகலாம். சகரத்தின் சீறல் இருப்பது அந்த மேல்பகுதியில்தான். அது போனால் சங்கம் தங்கமாகக் கேட்கும். அதனால் அந்தக் கால அறிவிப்பாளர்கள் சொல்லின் முதல் எழுத்தை அழுத்தி எடுத்தார்கள். ஊர்ப்பெயரையும் எண்ணையும் இரண்டு தடவை சொன்னார்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று தமிழில் உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். இரவில் சிற்றலை ஏறி இறங்கும். அது இறங்கும் நேரம் சரியாக வாக்கியத்தின் கடைசியில் வந்து விழுந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்களா, கையெழுத்திட மறுத்தார்களா என்றே கேட்பவருக்குத் தெரியாது. எனவே வாக்கியத்தைச் சுருக்கினார்கள், கடைசிச் சொல்லை விழவிடாமல் தூக்கிப் பிடித்தார்கள். உன் பதிவில் நீ தவறுவது இங்கேதான், தங்கச்சி. தொடக்கம் கம்பீரமாக இருக்கிறது. முடிவில் மூச்சு தளர்ந்து ‘இருக்கிறார்கள்’ என்பது ‘இருக்காங்’ என்று கரைந்துவிடுகிறது. விலையுயர்ந்த ஒலிவாங்கி அதையும் அழகாகப் பதிந்து கொடுத்துவிடுவதால் உனக்குத் தெரியவில்லை. பேருந்தில் நின்றுகொண்டு மலிவான காதுக்கருவியில் கேட்கிறவருக்குத் தெரியும்.

1990க்குப் பிறகு போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. பேட்டரி தடைசெய்யப்பட்ட பொருள். அங்கே மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு கம்பியை எடுத்து வானொலிப் பெட்டியில் மாட்டினார்கள். ஒருவர் சுற்ற, சுற்றிலும் உட்கார்ந்து வீட்டாரும் அயலாரும் தமிழோசை கேட்டார்கள், வெரித்தாஸ் கேட்டார்கள். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். எங்கே குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. அப்படிக் கேட்டவர்களுக்கு முன்னால் ஒரு அறிவிப்பாளர் வெட்டிச் சிரிப்பும் அரட்டையுமாக ஐந்து நிமிடத்தை ஓட்டியிருக்க முடியாது. உன் நிகழ்ச்சியின் முதல் ஏழு நிமிடத்தில் நீயும் உன் தோழியும் சாப்பிட்ட நாசி கண்டார் சோற்றைத் தவிர வேறு செய்தியே இல்லை. அதை வெட்டு. கேட்பவர் இன்று கையால் எதையும் சுற்றுவதில்லை என்றாலும் தன் நேரத்தைத்தான் உனக்குத் தருகிறார்.

இன்னொரு வேலையும் உனக்கு உண்டு, பதிவைக் காப்பது. பினாங்கு வயர்லெஸ் சொசைட்டி 1934இலேயே ஸெட்எச்ஜே என்ற நிலையத்தை நடத்தியது. அன்று பேசியது நேரே காற்றில் போயிற்று. நாடாப் பதிவு இந்தப் பக்கம் வரவில்லை. பிறகு நாடா வந்தது, ஆனால் விலை அதிகம். அதனால் உலகெங்கும் நிலையங்கள் பழையதை அழித்து அதன்மேலேயே புதியதைப் பதிந்தன. எத்தனையோ தமிழ்க் குரல்கள் அப்படித்தான் போயிருக்கும். உன்னிடம் இருப்பது செல்பேசி. அதில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், ஊர், பேசுபவர் பெயர் மூன்றையும் வாயால் சொல். ஒவ்வொரு பதிவையும் இரண்டு இடத்தில் வை.

உன் ஊரைச் சுற்றித் தோட்டத்து லயங்களில் வானொலி கேட்டு வளர்ந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் எந்த நிலையத்தை, யார் வீட்டில், எந்த நேரத்தில் கேட்டார்கள் என்று கேட்டுப் பதிவு செய். அடுத்த நிகழ்ச்சி அதுவாகவே இருக்கட்டும். தள்ளிப்போடாதே, இந்த மாதமே போ.

அன்புடன்,
அண்ணன்