தேனீக்கு ஒரு தட்டு மழைநீர்

கேள்வி: பஃபலோ ரோடு வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருக்கிறேன். செடிகளுக்கு வரும் தேனீ, பட்டாம்பூச்சிகள் குடிக்க மழைநீர் வைக்க ஆசை. டெங்கிக் கொசு வரும் என்று வீட்டில் தடுக்கிறார்கள். என்ன செய்யலாம்? (வாசகி, லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்)

பதில்: தாராளமாக வையுங்கள் அம்மா. மழைநீரை வாளியில் திறந்து வைக்காமல், பாட்டிலில் ஊற்றி மூடியை இறுக்கிவிடுங்கள். காலையில் ஒரு தட்டையான மண்தட்டில் கூழாங்கற்களை நெருக்கமாகப் பரப்பி, கல்லின் தலை வெளியே தெரியும் அளவுக்கு ஊற்றினால் போதும். தேனீ கல்லில் உட்கார்ந்து குடிக்கும். ஆழமாக இருந்தால் மூழ்கிவிடும்.

மாலையில் மிச்சத்தைச் செடிக்கு ஊற்றிவிட்டு, கல்லையும் தட்டின் உட்புறத்தையும் அழுத்தித் தேயுங்கள். இதுதான் முக்கியம். ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில் முட்டையை ஒட்டவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் தாங்கும். மறுபடி நீர் பட்டால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் கொசு. தினமும் தேய்த்தால் அந்தக் கவலை இல்லை. ஊருக்குப் போகும்போது தட்டைக் கவிழ்த்து வையுங்கள்.

பட்டாம்பூச்சிக்கு ஈரமணலே போதும். சிட்டிகை உப்புத் தூவுங்கள். உப்புச்சத்தை உறிஞ்சப் பெரும்பாலும் ஆண் பட்டாம்பூச்சிகள் வரும். பக்கத்தில் கறிவேப்பிலைச் செடி வைத்தால் முட்டையிடவும் வரும். இலையைத் தின்னும் பச்சைப் புழுவை விட்டுவையுங்கள், சாம்பாருக்கு மிச்சம் இருக்கும்.