மென்பொருள் பணி: மயக்கமும் தெளிவும்

நுழையும்முன்

அறியாத தொழிலைப் பற்றி அச்சமும் ஆசையும் ஒருசேர வளர்வது இயல்பு. மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவர் பலர் மென்பொருள் பணியை அவ்வாறே காண்கின்றனர். அப்பணியின் இயல்பை அறிந்து, தமக்குரிய வழியைத் தாமே தேர்ந்துகொள்ள இப்பாடம் துணைபுரியும்.

இருவேறு குரல்கள்

விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925ஆம் ஆண்டு மறைந்த மண், தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி. பிற ஊர்களைப் போலவே அங்கும், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாகும் காலத்தில் இருவேறு குரல்களைக் கேட்கலாம். "தமிழ்வழியில் படித்த பிள்ளைக்குக் கணினி வேலை எட்டாது" என்பது ஒன்று. "கடன் வாங்கியாவது கணினிப் பொறியியலில் சேர்த்துவிட்டால் போதும், வேலை தானே வரும்" என்பது மற்றொன்று. முதற்குரல் திறமையுள்ள மாணவரை வாயிலிலேயே திருப்பி அனுப்புகிறது. இரண்டாவது குரல் குடும்பத்தையே கடனில் ஆழ்த்திவிடக்கூடும். இரண்டுக்கும் வேர் ஒன்றே. அது, அப்பணியில் நாள்தோறும் என்ன செய்கிறார்கள் என்பதை அறியாமை.

கேட்டறிதலே தொடக்கம்

மென்பொருள் உருவாக்குவோர் காலை முதல் மாலை வரை விசைப்பலகையைத் தட்டிக்கொண்டிருப்பர் எனப் பலரும் எண்ணுகின்றனர். ஊரில் உள்ள பால் கூட்டுறவுச் சங்கத்திற்குக் கணக்கு மென்பொருள் ஒன்று தேவைப்படுகிறது என வைத்துக்கொள்வோம். பாலின் அளவோடு, அதிலுள்ள கொழுப்புச் சத்தையும் பிற திடச் சத்தையும் கொண்டு விலை கணக்கிடப்படுகிறது. முருகன் என்னும் பெயரில் இருவர் பால் ஊற்றினால் எவ்வாறு பிரித்தறிவது? பதிவின் நடுவே மின்சாரம் நின்றால் என்னவாகும்? 4.5 என்பது 45 எனப் பதிவானால் எவ்வாறு தடுப்பது? இவ்வினாக்களுக்குச் சங்கத்தின் செயலாளரிடமும் பால் ஊற்றுவோரிடமும் விடை பெற்ற பின்னரே நிரலைச் செம்மையாக எழுத இயலும். எழுதியதைச் சோதித்தல், பிறர் எழுதியதைப் படித்தல், பிழை களைதல் ஆகியனவும் அப்பணியின் கூறுகளே. அங்கு நேரும் ஒரு சிறு பிழை, ஒரு குடும்பத்தின் பால் பணத்தைக் குறைத்துவிடும்.

எழுதியதும் முடிவதில்லை

நிரலை ஒருமுறை எழுதிவிட்டால் பணி நிறைவுற்றது என்பது மற்றொரு மயக்கம். நினைவகத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்த, பழைய நிரல்கள் பலவற்றில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களே எழுதப்பட்டன. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் '00' என்பதைக் கணினி 1900 எனக் கொள்ளும் என்ற அச்சம் எழுந்தது. உலகெங்கும் பழைய நிரல்களைத் தேடிப் படித்துத் திருத்தினர். இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றுக்கு அப்பணி பெருவாய்ப்பாக அமைந்தது. கிணற்றைத் தூர்வாருவது போல மென்பொருளையும் காலந்தோறும் பேணவேண்டும்.

களை எடுக்க ஆள் கூடினால் வேலை விரைந்து முடியும். மென்பொருளில் எப்போதும் அவ்வாறு நிகழ்வதில்லை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரிய இயக்க அமைப்பு ஒன்றின் உருவாக்கத்தை வழிநடத்திய பிரெடரிக் புரூக்ஸ், 1975ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். காலந்தாழ்ந்த பணியில் புதியவர்களைச் சேர்த்தால் அது மேலும் தாழும் என்றார். புதியவர்க்கு விளக்கவும், ஒருவரோடொருவர் பேசி இணங்கவும் நேரம் செலவாவதே காரணம். ஆகவே, தனித்திருந்து செய்யும் பணி இது என்பதும் பிழையான எண்ணமே.

தமிழறிவும் துணையே

1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற 'தமிழிணையம் 99' மாநாட்டின் பயனாகத் 'தமிழ்99' விசைப்பலகை உருவானது. அதில் 'ந', 'த' என அடுத்தடுத்துத் தட்டினால் 'ந்த' எனப் புள்ளி தானே அமையும். மெல்லின எழுத்தை அடுத்து அதன் இனமான வல்லினம் வரும் என்னும் இலக்கணம் அங்கே நிரலின் விதியாயிற்று. நாம் வகுப்பறையில் கற்ற இனவெழுத்தே இன்று கணினிக்குள் இயங்குகிறது.

ஆயினும் உண்மையை மறைத்தல் ஆகாது. தொழில்நுட்பக் குறிப்புகளுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றைப் படித்துணரும் பயிற்சி தேவை. அது முயன்று பெறக்கூடியதே. சரளமான ஆங்கிலப் பேச்சு நிரலறிவுக்கு அளவுகோல் அன்று. தமிழகத்தில் இயங்கும் ஜோஹோ நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களையும் தேர்ந்து, உதவித்தொகை வழங்கிப் பயிற்றுவிக்கிறது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதன் அலுவலகம் இயங்குகிறது. எனினும் எல்லா நிறுவனங்களும் அவ்வாறு செய்வதில்லை. பட்டத்தை எதிர்பார்ப்பவை பல. பட்டம் வாயிலைத் திறக்கலாம். உள்ளே நிலைபெறச் செய்வது திறமையும் தொடர்ந்து கற்கும் மனமுமே.

எனவே, கடன் பத்திரத்தில் கையொப்பமிடும் முன் மாணவர் தம்மைத் தாமே சோதித்தறிதல் நன்று. பள்ளிக் கணினி ஆய்வகத்தில் ஒரு சிறு நிரலை எழுதிப் பாருங்கள். அது பிழை காட்டும்போது சலிப்புத் தோன்றுகிறதா, காரணத்தைத் தேடும் ஆவல் தோன்றுகிறதா என்பதைக் கவனியுங்கள். ஆவல் தோன்றினால் துணிந்து செல்லுங்கள். தோன்றாவிடினும் இழப்பில்லை, உங்களுக்குரிய வேறு துறையை உரிய காலத்தில் கண்டடைய அவ்வறிவு உதவும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரின் நியாயவிலைக் கடை அல்லது பால் சங்கத்திற்கு மென்பொருள் உருவாக்குவதாயின், அங்குள்ளோரிடம் கேட்கவேண்டிய பத்து வினாக்களை எழுதுக.

2. 'தமிழ்99' விசைப்பலகையில் இனவெழுத்துச் சொற்கள் ஐந்தனைத் தட்டச்சு செய்து, புள்ளி அமையும் முறையை வகுப்பறையில் விளக்குக.